வடிகிற தண்ணீரில் உப்பு

என் வீட்டுக்காரர் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூமில் வேலை பார்த்தார். வெடிக்குள் அடைக்கும் கலவையை இங்கே மருந்து என்றுதான் சொல்வோம். நான் அதே கம்பெனியில், தள்ளியிருந்த கட்டடத்தில், டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டினேன். ஒரே வேனில் போய் ஒரே வேனில் திரும்புவோம். அந்த ரூம் வெடித்த அன்று நான் தனியாகத் திரும்பினேன். சாப்பாட்டுக் கொட்டகையில் அவர் வைத்துவிட்டுப் போன தூக்குவாளி என் மடியில் இருந்தது. சோறு அப்படியே இருந்தது. புளிப்பதற்குள் அதை எடுத்துக் கழுவிவிட வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தது ஞாபகமிருக்கிறது. அழுதது ஞாபகமில்லை. மற்றவர்கள் அழுதார்கள்.

அதன் பிறகு கம்பெனிக்குப் போகவில்லை. பயமெல்லாம் இல்லை. காலையில் வேன் ஹாரன் கேட்கும்போது எழுந்து போகத் தோன்றவில்லை, அவ்வளவுதான். வீட்டில் நானும் அவரைப் பெற்ற என் அத்தையும் மட்டும். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

சாத்தூர் ரோட்டில் ஒரு அண்ணாச்சி பாலிஹவுஸ் போட்டு, அந்த பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வெள்ளரி வளர்த்தார். காலண்டர் அச்சடிக்கும் குடும்பத்தொழிலைத் தம்பிமாரிடம் விட்டுவிட்டு வந்தவர். அங்கே ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன்.

“பன்னெண்டாவது வரைக்கும் படிச்சிருக்கீகளா? அப்ப மருந்து கலக்குற வேலைக்கு வாங்க,” என்றார்.

செடிக்குக் கொடுக்கும் உரத்துக்கும் அதே பேர்தான். வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

“என்ன வேலைன்னு சொன்ன?”

“மருந்து கலக்குற வேலை. செடிக்கு, அத்தை.”

“எதுக்கா இருந்தா என்ன. வேணாம் தாயி.”

நான் மறுநாள் போய்விட்டேன். அத்தை தடுக்கவில்லை. வாசல்வரை வந்து நின்றார்.

முதலில் அண்ணாச்சி எனக்கு மூட்டைகளைக் காட்டினார். ஒன்றில் பொட்டாசியம் நைட்ரேட் என்று போட்டிருந்தது. வெள்ளைத் தூள்.

“இது வெடியுப்புதானே அண்ணாச்சி?”

அவர் மூட்டையை விட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் எப்படிப் போனார் என்று அவருக்குத் தெரியும். “ஆமாம்மா. அதேதான். நான் யோசிக்காமப் போயிட்டேன். உங்களுக்குக் காய் பறிக்கிற வேலை தரட்டுமா?”

“வேணாம்” என்றேன். அளந்து எடுத்து வாளித் தண்ணீரில் கொட்டிக் கலக்கினேன். கரையக் கரைய வாளி ஜில்லென்று ஆனது. ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். நெஞ்சு அடைக்கும், கை நடுங்கும், இப்படி ஏதாவது. ஒன்றும் வரவில்லை. அடுத்த மூட்டையைப் பிரித்தேன்.

அங்கே மண் கிடையாது. தேங்காய் நார்த்தூளை அடைத்த பைகளில்தான் செடிகள். நார்த்தூளில் சத்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாம் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதுதான் சாப்பாடு. எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று ஈ.சி. மீட்டர் சொல்லும். புளிப்பு எவ்வளவு என்று பி.எச். மீட்டர் சொல்லும். எங்கள் போர் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், பி.எச். எட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். அப்படியே விட்டால் இரும்புச்சத்து தண்ணீரில் இருந்தும் செடியால் எடுக்க முடியாது, கொழுந்து வெளுத்துவிடும். ஆசிட்டைக் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றி ஆறுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். ஊற்றும்போது தொட்டி சோடா போல நுரைக்கும்.

தினமும் காலையில் இரண்டு தண்ணீரை அளப்பேன். சொட்டுக்குழாயில் உள்ளே போகிற தண்ணீர், பைக்கு அடியில் வடிகிற தண்ணீர். வடிவதில் உப்பு ரொம்பவும் கூடியிருந்தால், செடி தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு உப்பை நார்த்தூளில் விட்டிருக்கிறது என்று அர்த்தம். மீட்டரைத் தண்ணீரில் விட்டு எண் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் என்னிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அது எனக்குப் போதுமாக இருந்தது.

சித்திரை வெயிலில் போர் தண்ணீர் குறைந்தது. விடுகிற தண்ணீரைக் குறைத்தோம். வடிகிற தண்ணீரில் எண் ஏறிக்கொண்டே போனது. ஈ.சி. இரண்டரையில் கொடுத்தால் நாலரையில் வடிந்தது. இலை ஓரமெல்லாம் தீய்ந்த மாதிரி பழுப்பானது, பிஞ்சுகள் வளைந்தன.

“பையைக் கழுவித்தான் ஆகணும்மா. மருந்தப் பாதியாக் குறைச்சு, அடியில நல்லா வடியிற வரைக்கும் விடணும்,” என்றார் அண்ணாச்சி. அதற்குத் தண்ணீர் வேண்டுமே. லாரித் தண்ணீர் வரவழைத்தார். அது வேறு கிணற்றுத் தண்ணீர். எங்களுடையதைவிட உப்பு குறைவு, ஆனால் பி.எச். அதே எட்டு. லாரிக்காரர் அவசரப்படுத்தினார். தொட்டி நிறைய நிறைய நான் ஆசிட்டை அளந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். கையுறை மணிக்கட்டோடு நின்றுவிடும். அதற்கு மேலே முழங்கைவரை வெறும் கை.

அண்ணாச்சி திடீரென்று கத்தினார். “ஏம்மா, கை! கையப் பாருங்க!”

பார்த்தேன். கையுறைக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்குத் தோல் மஞ்சளாகி, நடுவில் தோலே வழன்று கிடந்தது. எப்போது பட்டது என்று தெரியவில்லை. அவர் என் கையை இழுத்து லாரிக் குழாய்க்கு அடியில் பிடித்தார். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

“எரியலையா?”

“இல்ல அண்ணாச்சி.”

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் இருக்கிறது. கோபமில்லை. “இப்பிடி இருக்காதீகம்மா,” என்றார். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

அத்தை கட்டைப் பார்த்தார். சோறு போட்டார், மீன்குழம்பு ஊற்றினார். பிசைந்து சாப்பிடும்போது குழம்பு மணிக்கட்டு வழியாக வழிந்து, கட்டுக்குள் இறங்கிவிட்டது. “அம்மா!” என்று அலறிவிட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை உதறினேன். எரிச்சல் தோள்வரைக்கும் ஏறியது.

அத்தை செம்புத் தண்ணீரோடு ஓடிவந்தார். ஊற்றாமல் அப்படியே நின்றார். பிறகு கீழே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். “கத்துனியே தாயி, கத்துனியே,” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. கை மட்டும் எரிந்தது. நல்ல கையால் அவர் முதுகைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கை ஆறும்வரை அண்ணாச்சி என்னைத் தொட்டிப் பக்கம் விடவில்லை. மீட்டரை மட்டும் கையில் கொடுத்தார். பைகளைக் கழுவிக் கழுவி வடிகிற எண் மூன்றுக்குக் கீழே இறங்கியது. கருகின இலை பச்சையாகவில்லை. அது ஆகாது. மேலே வந்த புது இலைகள் சுத்தமாக இருந்தன. கிழக்குப் பக்கத்து வரிசைகள் மட்டும் தேறவில்லை; பிடுங்கிவிட்டோம். மற்றவை ஆனி மாதம்வரை காய்த்தன. எனக்கு முழங்கைவரைக்கும் கையுறை வந்தது.

அடுத்த பயிருக்குப் புது நார்த்தூள் கட்டிகள் வந்தபோது நான்தான் ஊறவைத்தேன். புதுத் தூளில் அதனுடைய சொந்த உப்பே நிறைய இருக்கும். முதல் தண்ணீர் டீ நிறத்தில் வடியும். கழுவி, தூளில் ஒட்டியிருக்கிற உப்பை விடுவிக்கக் கால்சியம் உரம் கரைத்து ஊற்றி ஊறவிட்டு, திரும்பவும் கழுவ வேண்டும். ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு, மறுநாள் காலையிலிருந்து கழுவினேன். வடிகிற தண்ணீரில் அடிக்கடி மீட்டரை விட்டுப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் எண் இறங்கி, அதற்குமேல் இறங்காமல் நின்றது.

அண்ணாச்சியிடம் சொல்லலாம் என்று எழுந்தபோது வயிறு பசித்தது. உச்சிவேளைகூட ஆகியிருக்கவில்லை. தழும்பில் ஈரம் பட்டு அரித்தது. தூளை உதறிவிட்டு, சுவரோரம் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். அத்தை லெமன் சாதம் கட்டியிருந்தார். முழுவதும் சாப்பிட்டேன்.