ஸ்பீக்கர் சும்மா இருந்த நேரம்

மைக் செட் தொழிலில் பாட்டு நன்றாக இருந்தால் பாடினவருக்குப் பேர், சத்தம் நின்றால் நமக்குத் திட்டு. செட்டு போடுகிற சகாக்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்குக் கூடுதலாக ஒரு கோதண்டம் சார் வாய்த்தார். பாகூர்க்காரர். வயலின், தவில், நாகஸ்வரம் மூன்றையும் வைத்து, யாரும் கேட்டிராத மாதிரி இசை எழுதுகிறவர்.

ஒரு மைக் அதிகம்

வில்லியனூர் கல்யாண மண்டபத்தில் அவருக்கு முதல் தடவை செட்டு போட்டேன். வித்வான்களுக்கெல்லாம் மைக் வைத்து முடித்ததும், ஜனங்கள் பக்கம் பார்த்து ஒன்று வைக்கச் சொன்னார். இருமலும் நாற்காலி இழுக்கிறதும்தான் சார் வரும் என்றேன்.

"வரட்டும்பா. அவங்க மட்டும் இன்னா பாவம் பண்ணாங்க?"

ரப்பர் பூட்ஸ்

பட்டு வேட்டி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். மேடைக்கு அப்படித்தான் வருவார். வணக்கம் சொல்ல மாட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பேப்பரில் இசையைப் பற்றி ஒரு வரி வந்தால் பூட்ஸைப் பற்றிப் பத்து வரி வரும். இவ்வளவு நல்ல சரக்கை வைத்துக்கொண்டு எதற்கு இந்த வேஷம் என்று எனக்கு எரிச்சல். வண்டியில் சாமான் ஏற்றும்போது ஒருநாள் கேட்டே விட்டேன்.

"பூட்ஸைப் பாக்க வர்றவன் கொஞ்ச நேரம் உக்காருவான் இல்ல? அது போதும்."

மடுகரை

மடுகரை கோயில் திருவிழாதான் எனக்கு வருஷா வருஷம் நிச்சயமான வேலை. ஒரு வருஷம் அங்கே சாரின் கச்சேரி. அவர் இசையின் நடுவில் எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற கட்டம் ஒன்று உண்டு. கமிட்டித் தலைவர் தனசேகரோ, "சத்தம் நின்னுச்சுன்னா அடுத்த வருஷம் வேற செட்டுதான்" என்று முன்பே சொல்லிவிட்டார். சாரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், மாற்றவில்லை.

சாயங்கால வெயில் இருந்ததால் விளக்கு போடவில்லை. அந்தக் கட்டம் வந்தது, தெருக்கோடி ஸ்பீக்கரும் அடங்கியது. அங்கே நின்ற ஜெனரேட்டர்காரருக்கு ஸ்பீக்கர் நின்றால் கரண்ட் போச்சு என்று அர்த்தம். உடனே ஜெனரேட்டரை ஓட்டிவிட்டார். பந்தல் முழுக்கத் தடதடவென்று சத்தம். தனசேகர் என்னை நோக்கி வேகமாக வந்தார்.

சார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தவில்காரருக்கு விரலை அசைத்தார். தவில் அந்தத் தடதடப்போடு சேர்ந்துகொண்டது, வயலின் அதன்மேல் ஏறியது. கொஞ்சம் பொறுத்து, நிறுத்தச் சொல்லி எனக்குக் கை காட்டினார். ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்த வைத்தேன். அப்புறம் வந்த அமைதியில் ஒருத்தரும் இருமவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கச்சேரி முடிந்ததும் தனசேகர் வந்தார்.

"அடுத்த வருஷமும் நீயே வந்துடுபா. மறக்காம அந்த ஜெனரேட்டரையும் இஸ்துகினு வா."

சத்தத்துக்கே கூலி வாங்குகிற எனக்கு, சும்மா இருந்ததால் நிலைத்த வேலை அது ஒன்றுதான்.