கொடிகாமம் என்று மூன்று கிளைகள்

நானும் என் கணவரும் முகம் பார்க்காமலே மாதக்கணக்கில் சண்டை பிடித்தவர்கள். பெயர் வைப்பதுதான் பிரச்சினை. நாங்கள் எழுதிய மென்பொருளின் பழைய பதிப்புகளை என்ன பெயரில் வைத்திருப்பது என்பது.

அப்போது நான் கொக்குவிலில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை செய்தேன். மதில் கட்டிய வளவுக்குள் ஒரு வீட்டின் மேல்மாடிதான் ஒபிஸ். ரெயில் போனால் மேசை மெல்ல அதிரும். நிறுவனத்தை நடத்தியவரை எல்லோரும் அண்ணை என்றே கூப்பிடுவோம். மரக்கறி மொத்த வியாபாரிகளுக்கு நிறுவை மென்பொருள் செய்து கொடுத்தோம். தராசில் மூட்டையை வைத்தால் எடை கொம்பியூற்றருக்கு வரும். என்ன காய் என்று தெரிவு செய்தால் எடை போட்ட துண்டு அச்சாகி வெளியே வரும்.

என் கணவர் எனக்குப் பிறகு சேர்ந்தவர். வீடு தொண்டைமானாற்றில். பெற்றோலுக்கு வரிசையில் நின்று சனம் களைத்துப்போன காலம் அது. "நீர் வீட்டிலை இருந்தே செய்யும், இங்கை வந்து என்ன செய்யப்போறீர்" என்று அண்ணை சொல்லிவிட்டார். அதனால் எனக்கு அவர் திரையில் வரும் எழுத்து மட்டும்தான்.

சண்டை விளங்க வேண்டுமென்றால் எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். நாங்கள் எழுதுகிற நிரலில் ஒரு பிரதான வழி இருக்கும். புதிய வசதிகள் எல்லாம் அதில்தான் சேரும். ஒரு பதிப்பை ஆட்களுக்குக் கொடுத்தவுடன் அந்த இடத்தில் ஒரு கிளையைப் பிரித்துவைப்போம். அந்தக் கிளைக்குள் புதுசு ஒன்றும் போகாது, பிழை திருத்தம் மட்டும் போகும். பழைய பதிப்பே போதும் என்று இருக்கிற ஆட்களுக்காக அதைப் பேணிக்கொண்டிருக்க வேண்டும்.

அவர் அந்தக் கிளைகளுக்கு ஊர்ப் பெயர் வைத்தார். இரண்டாம் பதிப்பை அப்போது கொடிகாமத்தில் ஒரேயொரு கடைதான் பாவித்தது. அதனால் அந்தக் கிளைக்குப் பெயர் 'கொடிகாமம்'.

"இரண்டாம் பதிப்பெண்டால் பேரிலை இரண்டு எண்டு இருக்க வேண்டாமோ?" என்று எழுதினேன்.

"ஊரைச் சொன்னால் ஆக்களின்ரை முகம் ஞாபகம் வருது. இரண்டு எண்டால் எனக்கு ஒண்டும் வரேல்லை" என்று பதில் வந்தது.

"அந்த ஊரிலை இன்னொரு கடை வந்தால்?"

"வரட்டும், அப்ப பாப்பம்."

வந்தது. அதே சந்தையில் இன்னொரு கடைக்காரர் எங்களுடைய மூன்றாம் பதிப்பை வாங்கினார். அந்தக் கிளைக்கு 'கொடிகாமம்-புது' என்று பெயர் விழுந்தது. பிறகு அதில் ஏதோ சரிவராமல் 'கொடிகாமம்-புது-கடைசி' என்று இன்னொன்று முளைத்தது. "கடைசிக்குப் பிறகு என்ன வரும்?" என்று நான் கேட்டதற்கு அவர் ஒரு சிரிப்புப் பொம்மையை மட்டும் அனுப்பினார். எனக்கு வந்த கோபத்தில் அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் பதிப்பில் ஒரு பிழை இருந்தது. துண்டில் மிளகாயின் பெயர் கொச்சிக்காய் என்று அச்சாகும்போது கொம்பு முன்னுக்கு நிற்காமல் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். புதுக் கடைக்காரர் முறைப்பட்டார். என் கணவர் நல்லபடியாகத் திருத்திக் கொடுத்தார். அண்ணைக்குக் கொழும்பில் அலுவல் இருந்தது. போகிற வழிதானே என்று திருத்தியதைக் கொண்டுபோய்ப் புதுக் கடையில் ஏற்றினார். பழைய கடையிலும் அதே கொம்புப் பிழை இருந்தது அவருக்குத் தெரியும். கிளையின் பெயரும் கொடிகாமம்தானே. அங்கேயும் அதையே ஏற்றிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

அடுத்த நாள் காலை நான் ஒபிஸ் படி ஏறும்போதே அண்ணை கொழும்பிலிருந்து அழைத்தார். "கொடிகாமத்து அக்கா ஏசுறா பிள்ளை. கொம்பியூற்றரிலை விசை ஒண்டும் வேலை செய்யேல்லையாம். உடனை ஒருக்கால் போவீரோ?"

பழைய கடையை நடத்தியவர் ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி. சந்தை முழுக்க அவரை அக்கா என்றுதான் சொல்லும். அவருடைய கொம்பியூற்றருக்கு இணைய இணைப்பு இல்லை, நேரே போகத்தான் வேண்டும். யாழ்ப்பாணம் போய், பஸ் மாறி, ஏ9 வீதியில் நின்றுகொண்டே போய் இறங்கினேன். கடைக்குள் பயித்தங்காய்க் கட்டுகளும் வாழைக்குலைகளும் வாசல்வரை வந்திருந்தன. காய் கொண்டுவந்த கமக்காரர்கள் சைக்கிளைப் பிடித்தபடி காத்து நின்றார்கள். அக்கா கையால் துண்டு எழுதிக்கொண்டிருந்தார். தராசு மேசைக்குக் கீழே யாரோ ஒருவருடைய இரண்டு கால்கள் தெரிந்தன.

"நாலை அமத்தினால் கத்தரி, ஏழை அமத்தினால் பூசணி. இப்ப எதை அமத்தினாலும் படம் படமா வருது. எனக்கு உந்தப் படம் வேண்டாம் பிள்ளை" என்றார் அக்கா. "அந்தத் தம்பியும் முதலே வந்திட்டார். வயரை இழுத்துக்கொண்டு கிடக்கிறார்."

கால்களுக்குரியவர் வெளியே வந்தார். தலைமயிரில் வெங்காயச் சருகு. என் கழுத்தில் தொங்கிய ஒபிஸ் அட்டையைப் பார்த்தார்.

"நீங்களோ?" என்றார்.

"ஓம். நீங்களோ?"

அண்ணை அவருக்கும் அழைத்துச் சொல்லியிருக்கிறார். நெல்லியடியில் பஸ் பிடித்து எனக்கு முன்னரே வந்துவிட்டார். என்ன நடந்ததென்று கண்டுபிடித்தும் இருந்தார். "வயரிலை பிழையில்லை. படம் வாற மூண்டாம் பதிப்பை இஞ்சை ஏத்தியிருக்கு. பேரைப் பாத்து இதுதான் எண்டு அண்ணை நினைச்சிட்டார்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நீங்கள் சொன்னது சரிதான்" என்றார். வழியெல்லாம் பஸ்ஸில் நான் தயார்செய்து வைத்திருந்த பேச்சு அந்த இடத்திலேயே தேவையில்லாமல் போய்விட்டது.

சாக்கைப் போட்டு இருவரும் இருந்தோம். என் லப்ரொப்பில் இரண்டாம் பதிப்பின் கிளையை எடுத்தோம். அக்காவின் விசைகள் எல்லாம் அதில் பத்திரமாக இருந்தன. அப்படியே திருப்பி ஏற்றியிருக்கலாம். அவர்தான், "கொம்புத் திருத்தத்தை மட்டும் இதுக்குள்ளை கொண்டுவருவமோ?" என்று கேட்டார். மூன்றாம் பதிப்பிலிருந்து அந்த ஒரு மாற்றத்தை மட்டும் எடுத்துப் பழைய கிளைக்குள் வைத்தோம். ஓரிடத்தில் அது பழைய நிரலோடு முட்டியது. அவர் ஒன்று சொல்ல, நான் வேறொன்று சொல்ல, கடைசியில் இரண்டும் சேர்ந்து சரிவந்தது.

அக்கா தராசில் கொச்சிக்காய் மூட்டையை வைத்து விசையை அமத்தினார். துண்டு வந்தது. எட்டப் பிடித்து வாசித்தார். பக்கத்தில் நின்ற கமக்காரரிடம் நீட்டினார்.

"பாரும். எத்தினை வருசத்துக்குப் பிறகு கொச்சிக்காய் கொச்சிக்காயா வந்திருக்கு!"

காத்து நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அந்தச் சிரிப்பில் எனக்கு உண்மையாகவே மனம் குளிர்ந்தது. அதுவரை நான் எழுதிய எதையும் யாரும் எனக்கு முன்னால் வைத்துப் பாவித்ததை நான் பார்த்ததில்லை.

அக்கா பால் விடாத பிளேன்ரீயும் ஒரு தட்டம் பலாச்சுளையும் கொண்டுவந்து வைத்தார். பலாப்பால் ஒட்டிய விரல்களோடு அங்கேயே பெயர்ச் சண்டையைத் தீர்த்தோம். இனிக் கிளைக்குப் பதிப்பின் இலக்கம்தான் பெயர் என்றேன். சரி என்றார். ஆனால் வெறும் இலக்கம் வைத்தால் நாங்கள் வெளியிட்ட பதிப்புக்கும் கிளைக்கும் ஒரே பெயராகிவிடும், வெளியிட்டது அசையாது, கிளை வளர்ந்துகொண்டிருக்கும், இரண்டையும் பிரித்துக் காட்ட முன்னுக்கு ஒரு சொல் வேண்டும் என்றார். அதை நான் யோசித்திருக்கவில்லை.

"என்ன சொல் வைப்பம்?"

"பேணல்?" என்றார்.

பேணல்-2, பேணல்-3. எந்தக் கடை எதில் இருக்கிறது என்பதைக் கிளையின் விளக்கக் குறிப்பில் எழுதுவது என்று முடிவு. அதில் ஊரோடு ஆளின் பெயரும் இருக்கவேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். விட்டுக்கொடுத்தேன். பிழை எந்தப் பழைய பதிப்புவரை இருக்கிறதோ அதில் முதலில் திருத்தி, அங்கிருந்து படிப்படியாக மேலே புதியவற்றுக்குக் கொண்டுபோவது என்பதும் அன்றைக்குத்தான் முடிவானது. கொழும்பிலிருந்து திரும்பிய அண்ணையிடம் சொன்னோம். "எனக்கு விளங்கிற மாதிரி இருந்தால் காணும்" என்றார்.

அதற்குப் பிறகு எழுத்தில் சண்டை குறைந்து, அழைத்துக் கதைக்கத் தொடங்கினோம். வேலையில்லாத விசயங்களும் வந்தன. ஒருநாள் அவர், "ஒண்டு கேக்கலாமோ? வேலையைப் பற்றியில்லை" என்றார். கேட்கமுதலே எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் சொன்னபோது அம்மா, "பையன் எப்பிடி?" என்று கேட்டார். "பிழையெண்டால் பிழையெண்டு ஒத்துக்கொள்ளுற ஆள்" என்றேன். "அப்ப தேடினாலும் கிடையாது" என்றார் அம்மா. சந்நிதி கோயிலில் கலியாணம் நடந்தது. அக்கா ஒரு முழு வாழைக்குலையோடு வந்து இறங்கினார்.

போன வருசம் பேணல்-2 கிளையை மூடினோம். நாங்கள் கேட்கவில்லை, அக்காவே கேட்டார். கண் மங்குது, புதுசிலை எழுத்துப் பெரிசாமே, ஆனால் விசை மாறக்கூடாது என்றார். நாலாம் பதிப்பில் பழைய விசைகளையும் சேர்த்துக் கொடுத்தோம். கடைசி நிலையில் ஓர் அடையாளம் குத்திவைத்துவிட்டுக் கிளையை அழித்தோம். என்றாவது வேண்டுமென்றால் அந்த அடையாளத்திலிருந்து திரும்ப எடுக்கலாம். இதுவரை வேண்டியிருக்கவில்லை.

இப்போது இருவரும் தொண்டைமானாற்றிலிருந்தே வேலை செய்கிறோம். வெள்ளிக்கிழமைகளில் நான் ஒபிஸ் போய்வருவேன். இன்று காலை பேணல்-3இல் ஒரு சின்னத் திருத்தம் வைத்தேன். அவர் அதைப் பார்த்து, ஒரு வரியை மாற்றச்சொல்லி எழுதினார். பக்கத்து அறையில் இருந்துகொண்டுதான் எழுதினார். மாற்றினேன். பேணல்-4க்கும் பிரதான வழிக்கும் அது முட்டாமல் ஏறியது. பிறகு அவர் எழும்பிப் போய் மீன் வாங்கி வந்தார். ஒட்டி மீன், நல்ல பதம். நான் புளியைக் கரைத்து வைத்தேன்.