வரிசையில் நின்ற புழுக்கள்

அந்தத் தையல்காரிக்குத் தெருவில் மிளகாய் என்று பெயர். அவள் ஊசியைக் கையில் எடுத்து முறைத்தால், ஊசி பயந்துபோய்த் தானாகவே நூலை விழுங்கிக்கொள்ளும் என்பார்கள். அதில் பாதி பொய். கோபம் மட்டும் முழு நிஜம்.

கோபத்துக்கு வேர் ஒரு தேக்குப் பெட்டி. அம்மா கண்ணை மூடியதும் தம்பி வீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பெட்டியை அக்காவுக்குத் தாராளமாக விட்டுக்கொடுத்தான். கொள்ளுப்பாட்டி காலத்துப் பெட்டி. மூலைக்கு மூலை பித்தளைப் பட்டை, ஆள் படுத்துத் தூங்குகிற அகலத்தில் மூடி. வீடு போன ஆத்திரத்தை எல்லாம் அவள் அதைத் துடைப்பதில் காட்டினாள். விடிந்ததும் எண்ணெய்த் துணியோடு உட்கார்ந்துவிடுவாள். தைக்க வந்த துணிகள் பெட்டிக்குள்ளே, இஸ்திரி போடுவது மூடியின் மேலே. வருஷக்கணக்கில் வாங்கிய தேய்ப்பில், பெட்டி நேற்றுப் பட்டறையிலிருந்து இறங்கியது போல மின்னியது.

வினையே அந்த மினுமினுப்பில்தான் இருந்தது.

தம்பி பழங்காலப் பெட்டிகள் விற்கிற கடை வைத்திருந்தான். பழங்காலம் தயாரானது கடைக்குப் பின்னால் இருந்த பட்டறையில். புதுப் பெட்டியைச் சங்கிலியால் நாலு சாத்து சாத்தி, கெட்டி டீத்தண்ணீர் பூசி, உளுத்த மரம் போலக் குத்தூசியால் ஓட்டை போடுவார்கள். கூடத்தில் வைத்து அழகு பார்க்க ஆசைப்பட்டு வருகிறவர்களிடம், அரண்மனையிலிருந்து வந்த சரக்கு என்று தம்பி தள்ளிவிடுவான்.

ஒரு நாள் அவள் பெட்டியின் கீல் உடைந்தது. அந்தக் காலத்துக் கீல் தம்பியின் பட்டறையைத் தவிர எங்கும் கிடைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பிவைத்தாள். தம்பி அப்போது வெளியூரில். பளபளப்பைப் பார்த்த மேஸ்திரி, புதுச் சரக்குதான் என்று முடிவுகட்டி, மற்றப் பெட்டிகளோடு சேர்த்து அதையும் பழசாக்கிவிட்டார்.

பெட்டியை வாங்கிப்போக அவள் வந்தபோது, அது கடையின் நடுவில் நின்றது. உடம்பெல்லாம் காயம், ஓட்டை, டீக்கறை. மூடியின் ஓரத்தில் முக்கோணமாக ஒரு தீத்தழும்பு. அது இல்லையென்றால் அவளுக்கே அடையாளம் தெரிந்திருக்காது. ஒரு பணக்கார அம்மாள் டேப்பால் அளந்துகொண்டிருந்தாள். அந்தத் தழும்பைத்தான் தம்பி தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். படையெடுப்பில் அரண்மனை எரிந்தபோது பட்டதாம். அதற்குள்ளே ராணி ஒளிந்து தப்பித்தாளாம்.

அவள் தம்பியின் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "அது அம்மா பெட்டிடா."

அவன் முகம் ஒரு நிமிஷம் வெளுத்தது. அப்புறம் தேறிக்கொண்டது. "வாக்குக் குடுத்துட்டேன்க்கா. இதைவிட அழகா ஒண்ணு செஞ்சு தரேன், விடு."

காது மடல் வரை அவளுக்குச் சூடு ஏறியது. அந்தப் பெட்டி மேல் குதித்து வளர்ந்த பயல். பெட்டி என்னுடையது, பரம்பரைச் சொத்து என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அந்த அம்மாள், நிஜமாகவே பழசென்றால் இப்போதே வண்டியில் ஏற்றிவிடலாம் என்றாள். மிளகாய் வாயை மூடிக்கொண்டாள். நிஜத்தைச் சொன்னால் பெட்டி போய்விடும்.

"ஏமாந்துடாதீங்கம்மா," என்றாள். "இது போன வாரம் பின்னாடி பட்டறையில செஞ்சது. ஓட்டையைப் பாருங்க. எந்த ஊர்ல புழு இப்படி ரேஷன் கடை மாதிரி வரிசையில நின்னு தின்னுது?"

அந்த அம்மாள் குனிந்து பார்த்தாள். பக்கத்துப் பெட்டியைப் பார்த்தாள். அங்கேயும் புழுக்கள் ஒழுங்காக வரிசையில்தான் நின்றிருந்தன.

"அப்ப இந்தத் தழும்பு?"

"இஸ்திரிப் பெட்டி சுட்டது. சுட்டது நான்தான்."

டேப் சுருண்டு பைக்குள் போனது. அந்த அம்மாள் படியிறங்கினாள்.

"நிஜமாவே பழசுதானேக்கா அது," என்று தம்பி தலையில் கை வைத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அசல் சரக்கை விற்கப் போனவனுக்கு, அதை அசல் என்று நிரூபிக்க ஒரு வழியும் இல்லாமல் போயிற்று.

"உனக்கு அது இப்பதான் தெரியுதா?" என்றாள் அவள்.

பெட்டியின் ஒரு முனையை மேஸ்திரியும் மறு முனையைத் தம்பியும் பிடித்துத் தெரு முழுக்கத் தூக்கிப்போனார்கள். பின்னாலேயே அவள் வைதுகொண்டு வந்தாள். வீட்டில் இறக்கி மூடியைத் திறந்தால், அது ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. இத்தனையும் செய்தவர்கள், கீலை மட்டும் தொடவே இல்லை.

இப்போதும் காலையில் துணி ஏதாவது ஓட்டையில் சிக்கும். ஓட்டைக்கு ஒரு திட்டு தம்பிக்குப் போகும். அம்மாவின் பெட்டியைப் போலி என்று தன் வாயாலேயே சொல்லவைத்தானே, அதற்குத் தனியாக ஒன்று.