கண்டக்டரின் தூக்காத கை

டெப்போவில் அவளுக்கு 'முடக்குக்கை' என்று பெயர். வண்டி எவ்வளவு குலுங்கினாலும் அந்தக் கண்டக்டர் கையைத் தூக்கி மேல்கம்பியைப் பிடிக்கமாட்டாள், மணிக்கயிற்றை இழுக்கமாட்டாள். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு விசில் ஊதியே காலத்தை ஓட்டினாள். கைக்கு ஒரு கேடும் இல்லை. தூக்கினால் சட்டைக்குள் பிரா மேலேறி நடுமார்பில் வந்து நிற்கும், அவ்வளவுதான். அதைச் சட்டையோடு சேர்த்துக் கீழே இழுத்துவிட வேண்டும். அதைப் பார்ப்பதற்கென்றே டிக்கெட் வாங்கி ஏறியதுபோல் கண்ணை நட்டுக்கொண்டு நிற்கும் ஜென்மங்கள் எந்த வண்டியில் இல்லை? தூ!

போன வாரம் டிரைவர் பிரேக் அடித்ததில், பிடிமானம் இல்லாமல் போய் ஒரு பெரியவர் மடியில் விழுந்தாள். புகார் போனது. மேலாளர் கூப்பிட்டனுப்பினார்.

"இந்தக் கையோட வண்டியில எப்படிம்மா வேலை பார்ப்பே? வெள்ளிக்கிழமை செக்கர் வருவாரு. முடியாதுன்னு அவர் எழுதிட்டா, அப்புறம் வண்டி கழுவுற வேலைதான்."

வண்டியை விட்டால் அவளுக்குச் சோறே இறங்காது. ஆனாலும் காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. ஆம்பளை முன்னால் அந்த வார்த்தையைச் சொல்வதாவது!

நேராக உள்ளாடைக் கடைக்குப் போனாள். அளவு முப்பத்தெட்டு என்றாள். அது டெப்போ தையல்காரர் யூனிஃபார்ம் சட்டைக்கு எடுத்த மார்பளவு. டெப்போவில் வேலை பார்க்கும் பெண்கள் எல்லோருமே சட்டையளவைச் சொல்லித்தான் பிரா வாங்குவார்கள். இதற்கென்று தனியாக யார் அளப்பது? கடைக்காரன் அவளை மேலும் கீழும் கண்ணால் மேய்ந்தான். "முப்பத்தெட்டு எங்க பத்தும்? நாப்பது எடுத்துப் போடுப்பா!" என்று பரண்மேல் இருந்த ஆளுக்குத் தெருவே கேட்கக் கத்தினான். அவள் பெட்டியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு கேட்டாள்.

"போட்டுப் பார்க்கலாமா?"

"அய்யய்யோ, அதெல்லாம் கூடாதும்மா."

நாற்பது, முப்பத்தெட்டைவிடக் கேவலமாக இருந்தது. அக்காவிடம் புலம்பியதற்கு அவள் ஒரு யோசனை சொன்னாள். "தொளதொளன்னு இருந்தாத்தான்டி மரியாதை. தோள்பட்டையை மட்டும் இழுத்துக் கட்டிக்கோ." இழுத்துக் கட்டினாள். தோளில் பள்ளம் விழுந்தது, முதுகுப்பட்டை கழுத்தைப் பார்க்க ஏறியது. "சீ, இதெல்லாம் ஒரு உடம்பா!" என்று கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இத்தனை வருடமும் பேச்சு வாங்கியது அந்த உடம்புதான், பாவம்.

வியாழக்கிழமை கொக்கி தெறித்தது. பேருந்து நிலையக் கழிப்பறைக்குள் ஓடினாள். மூத்திரமும் பினாயிலும் கலந்த நாற்றம், காலடியில் என்னவென்று தெரியாத ஈரம், தாழ்ப்பாளுக்குப் பதில் ஒரு அழுக்குக் கயிறு. பிராவோ வியர்வையில் ஊறிப் புளித்துக் கிடந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகம் துடைக்கும் துண்டை அதன் அடிப்பட்டைமேல் சுற்றி, மார்புக்குக் கீழே இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

திரும்பும் வழியில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியது. அவளை அறியாமல் கை பறந்து மேல்கம்பியைப் பிடித்தது. சட்டைக்குள் ஒன்றும் அசையவில்லை.

அடச்சீ, இவ்வளவுதானா! பாரத்தைத் தாங்குவது தோளில்லை, அந்த அடிப்பட்டை. தையல்காரர் அளந்தது மார்பின் மேட்டை. பட்டை நிற்கிற இடத்தை எவரும் அளக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அக்காவின் டேப்பை எடுத்து அளந்தாள். முப்பத்துநாலு.

அன்று மாலையே வேறு கடைக்குப் போனாள். "பட்டை முப்பத்துநாலு, கப் பெரிசா வேணும். போட்டுப் பார்த்துட்டுத்தான் வாங்குவேன்."

"அந்த வழக்கம் இங்க இல்லீங்க," என்றாள் விற்பனைப்பெண்.

"அப்போ இங்கேயே நிக்கிறேன். பஸ்ஸுல நின்னு பழகின காலு, வலிக்காது."

கடைசியில் அட்டைப்பெட்டிகளுக்கும் எலிப்புழுக்கைக்கும் நடுவே இடம் கிடைத்தது. ஒன்று பிதுங்கியது, ஒன்று மடிந்தது. அடுத்ததை மாட்டி இரண்டு கையையும் தூக்கினாள். இருந்த இடத்தில் இருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மறுநாள் செக்கர் ஏறினார். கூட்டத்தில் அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறுகையால் மணிக்கயிற்றை இழுப்பதைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"அட, கை குணமாயிடுச்சே! எந்த டாக்டர்ம்மா?"

ஏதாவது ஒரு டாக்டர் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் முடக்குக்கை என்று எல்லோரையும் நம்பவிட்டதே போதும், இன்னொரு பொய் வேண்டாம்.

"கைக்கு ஒண்ணுமே இல்ல சார். இத்தனை வருஷமா அளவு தப்பான பிராவைப் போட்டுக்கிட்டு, கையைத் தூக்க வெட்கப்பட்டுக்கிட்டு நின்னேன். இப்போ சரியானதா வாங்கிட்டேன். இதையே எழுதிக்கோங்க."

செக்கர் முகத்தில் ஈயாடவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகத் தேட ஆரம்பித்தார்.

பின்வரிசையில் காய்கறிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா மட்டும் எட்டிப் பார்த்தாள்.

"எந்தக் கடைம்மா அது?"