நிழலில் எத்தனை டிகிரி?

நீங்கள் வேலை செய்யும் இடத்தில் மதியம் இரண்டு மணிக்கு எத்தனை டிகிரி சூடு என்று உங்களுக்குத் தெரியுமா? ஓர் ஆயத்த ஆடை ஆலையில் பதினெட்டு வருடம் தையல் மெஷின் பழுது பார்த்தவருக்கும் அது தெரியாமல்தான் இருந்தது. அதே ஆலையின் இஸ்திரிப் பிரிவில் அவர் மனைவி ஒரு மதியம் மேஜைமேல் சாய்ந்தாள். எழவில்லை.

அவரை எல்லாரும் ஸ்பேனர் என்பார்கள். சட்டைப்பையில் மற்றவர்களுக்குப் பேனா, அவருக்கு ஸ்பேனர். மோட்டார் கை வைக்க முடியாதபடி சூடானால் உடனே நிறுத்த வேண்டும் என்று ஆலைச் சுவரில் ஒரு தாள் இருந்தது. ஒட்டியவரே அவர்தான். தகரக் கூரையின் கீழ் நீராவிக்கு நடுவே நாளெல்லாம் நின்றவளுக்கு அப்படியொரு தாள் இல்லை. டாக்டர் உடம்பைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ‘இயற்கையான மாரடைப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சொந்தக்காரர்கள் டாக்டரையே மிஞ்சினார்கள்.

“அவ விதி அவ்வளவுதான் மாப்ள,” என்றார் மனைவியின் அண்ணன்.

“விதிக்கு எத்தனை டிகிரி மச்சான்? விதி ஏன் எப்பவும் தகரக் கூரைக்குக் கீழயே வந்து நிக்குது? முதலாளி ரூம்ல ஏசி போட்டா அதுக்குக் குளிருதா?”

மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துபோனார்.

சூடு ஓர் அளவைத் தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும். இந்த ஒரே ஒரு விதியைக் கேட்டுத் தொழிலாளர் துறைக்கு மனுப் போட்டார் ஸ்பேனர். ‘தங்கள் ஆலை ஒன்றுக்காகப் பொதுவிதி செய்ய இயலாது. பல இடங்களின் அளவுகளை மழைக்காலத்துக்கு முன் அளித்தால் பரிசீலிக்கப்படும்’ என்று பதில் வந்தது. சரி, அளந்துகொண்டே வருகிறேன் என்று தலைநகருக்குச் சைக்கிளில் கிளம்பிவிட்டார். எழுநூற்று எண்பது கிலோமீட்டர், தன்னந்தனியாக, கோடையின் உச்சியில். கல்குவாரி வாசலில் எந்த பஸ் நிற்கும்?

“ஸ்பேனருக்கே ஸ்க்ரூ கழண்டுபோச்சுடோய்,” என்று ஆலை வாசலில் சிரித்தார்கள்.

விடிவதற்குள் கிளம்புவார். பத்து மணிக்கே தார் இளகி டயரைப் பிடித்து இழுக்கும். உப்புப் போட்ட தண்ணீர் வாயைச் சுடும். ஐந்தாம் நாள் தொடை இறுகி, சைக்கிளோடு ஓரப் பள்ளத்தில் சரிந்தார். இருக்கை உரசிய புண்ணில் வேர்வை இறங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். சரியாக இரண்டு மணிக்கு குவாரி, சூளை, சாலை போடும் இடம் எது எதிர்ப்பட்டாலும் அதன் முன் நிறுத்தி, கைப்பிடியில் கட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவார். நாற்பத்தொன்பது. ஐம்பது. ஒருநாள் ஐம்பத்திரண்டு! எண் ஏற ஏற மனுவுக்கு வலு ஏறுகிறது என்று நம்பினார்.

பதினான்காம் நாள் அதிகாரியின் முன் நின்றார். அறை ஜில்லென்றிருந்தது. அதிகாரி நோட்டைப் புரட்டினார்.

“வெப்பமானிய எங்க வச்சு அளந்தீங்க?”

“கைப்பிடியில சார்.”

“வெயில்லயா?”

“வெயில்லதான் சார். வெயில் எவ்வளவுன்னு காட்டத்தானே...”

“வெயில் நேரா பட்டா வெப்பமானிதான் சூடாகும். காத்தோட சூடு அது இல்ல. நிழல்ல, ஆளுங்க நிக்கிற இடத்துல அளக்கணும். இது ஒண்ணும் செல்லாது.”

அதிகாரி சொன்னது உண்மை. அதுதான் கொடுமை. பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பார். மோட்டார் சூட்டை அளக்கத் தெரிந்தவருக்குக் காற்றின் சூட்டை அளக்கத் தெரியவில்லை. பதினான்கு நாளும் பதினான்கு பக்கமும் பாழ்.

வெளியே வந்தவரின் பின்னாலேயே எழுத்தர் பெண் வந்தாள். “அண்ணே, நம்பரக் கொஞ்சம் குறைச்சு, நிழல்லதான்னு ஒரு வரி சேர்த்துடுங்க. யாரு போய்ப் பார்க்கப் போறா?”

“வேணாம்மா. இல்லாத மாரடைப்ப டாக்டர் எழுதினாரு. இல்லாத நிழல நான் எழுதவா?”

மச்சானுக்குப் போன் போட்டார். “பஸ்ஸப் புடிச்சு வந்துடு மாப்ள. செத்தவ திரும்பியா வரப்போறா?”

“அவ வரமாட்டா மச்சான். அவ நின்ன மேஜைக்கு வேற ஒருத்தி வந்துட்டா.”

அலுவலகத்துக்குப் பின்னாலேயே ஒரு சலவைக்கடை. அதிகாரியின் சட்டைகள் அங்கேதான் இஸ்திரிக்கு வரும். உள்ளே, நிழலில், ஆணியில் வெப்பமானியை மாட்டிவிட்டு இருபது நிமிடம் காத்திருந்தார். நாற்பத்து நான்கு. புதுப் பக்கத்தில் முதல் எண். வழியில் பார்த்த இடங்களை நிழலில் அளக்க, சைக்கிளை வந்த வழிக்கே திருப்பினார்.

நான்காம் நாள் முழங்கால் வீங்கிப் பூசணிக்காயாகிவிட்டது. இப்போது ஒரு பஞ்சர் கடைப் பலகையில் கால் நீட்டிக் கிடக்கிறார். நோட்டில் ஆறு இடங்கள். உள்ளே வந்து அளக்கவா என்று கேட்டதும் பல கதவுகளை உள்ளேயிருந்தே சாத்திவிட்டார்கள். ஊருக்கு இன்னும் அறுநூறு கிலோமீட்டருக்குக் குறையாது. மழைக்குப் பன்னிரண்டு நாள். எத்தனை இடம் அளந்தால் போதும் என்று துறை சொல்லவில்லை. நாளையும் மிதிப்பேன் என்கிறார். அந்தக் கால் மிதிக்காது. இதைப் படிக்கிற உங்களுக்கே தெரியும்.

ஆகவே எழுந்திருங்கள். ஒரு வெப்பமானி வாங்குங்கள். ஆட்கள் வேலை செய்யும் ஓர் இடத்தில், நிழலில், மூன்று நாள் இரண்டு மணிக்கு மாட்டுங்கள். எண்ணை ஒன்றுகூடக் கூட்டாமல், ஒன்றுகூடக் குறைக்காமல் எழுதி, மழை இறங்குவதற்குள் தொழிலாளர் துறைக்கு அனுப்புங்கள்.