பதின்மூன்று இலட்சம் மெஜோரிட்டி

கலிபோர்னியாவை நான் இன்றுவரை கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் தொண்ணூற்றாறாம் ஆண்டு அமெரிக்க சனாதிபதித் தேர்தலில், அந்த மாநிலத்தில் வென்றவர் எத்தனை வாக்கு வித்தியாசத்தில் வென்றார் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பதின்மூன்று இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. என் பிள்ளைகளின் ஹெல்த் கார்ட் இலக்கம் எனக்குப் பாடமில்லை. இது பாடம்.

அப்போது நான் கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்துப் பிறம்ரனில் நத்தார் பரிசுக் கூடைகள் அடுக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். ஒரு கூடைக்குள் சீஸ், பிஸ்கற், சொக்லேற், விரல் நீளத்தில் ஒரு ஜாம் போத்தல் வைத்து, கண்ணாடித்தாள் சுற்றி, சிவப்பு ரிபன் கட்டி அனுப்ப வேண்டும். செப்டெம்பரில் தொடங்கினால் நத்தார் வரும்வரை லீவு என்ற பேச்சுக்கே இடமில்லை. எடுக்கிறவர்கள் திரும்பி வரவேண்டாம் என்று சாப்பாட்டு அறைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

முதலாளி கலிபோர்னியாவில் பிறந்து, ரொறன்ரோப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். நல்ல மனிதர், தேர்தல் பைத்தியம். அந்த ஒக்ரோபரில் ஒரு போட்டி வைத்தார். யார் வெல்வார் என்பது கேள்வியில்லை. பதவியில் இருக்கிறவர்தான் மறுபடி வருவார் என்று எங்கள் தொழிற்சாலைப் பூனைக்கும் தெரியும். தன்னுடைய மாநிலத்தில் அவர் எத்தனை வாக்கு வித்தியாசத்தில் வெல்வார் என்பதுதான் கேள்வி. மிகக் கிட்டச் சொல்கிறவருக்குச் சம்பளத்தோடு இரண்டு வார லீவு. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், சீசனிலும் எடுக்கலாம்.

கடைசி வசனத்தைக் கேட்டதும் எங்கள் அண்ணை கையில் இருந்த ரிபன் கத்தரியைக் கீழே வைத்தார்.

அண்ணை என்றால் சொந்த அண்ணை இல்லை. ஸ்காபரோவில் எங்களுக்குப் பக்கத்துக் கட்டடம். தினமும் காலையும் மாலையும் அவருடைய காரில்தான் நான் வேலைக்குப் போய் வந்தேன். ஊரில் யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், கிளாக்காக இருந்தவர். எத்தனையோ தேர்தல்களில் வாக்கு எண்ணியவர். பெட்டி திறக்க முன்னமே இன்ன ஆள் இத்தனை மெஜோரிட்டியால் வெல்லும் என்று சொல்லி, அது சரிவந்த கதைகளை 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் இறுகி நிற்கிற நேரமெல்லாம் சொல்வார். வெல்கிற வித்தியாசத்துக்கு எங்கள் ஆட்களிடம் மெஜோரிட்டி என்றுதான் பெயர். அதை ஆட்கள் கணக்கில் சொல்வோமே தவிர வீதக் கணக்கில் சொல்ல மாட்டோம்.

அவருடைய ஒரே தங்கைக்குத் திருச்சியில் கலியாணம் பொருந்தியிருந்தது. மார்கழி பிறந்தால் நாள் இல்லை என்பதால் கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் வைத்திருந்தார்கள். தகப்பன் இல்லை, வேறு ஆண் சகோதரமும் இல்லை. எங்கள் கலியாணத்தில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழன். வாசலில் மாப்பிள்ளையின் காலுக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவான். மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடுவார். பிறகு அவரைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டிப் போவான். அந்த இடத்தில் நிற்க அண்ணை போகவேண்டும். வேலையை உதறிவிட்டும் போகமுடியாது. கலியாணத்தோடு தாய் அங்கே தனித்துப் போவார் என்று அவரைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்திருந்தார். வேலை இல்லை என்றால் அந்த விண்ணப்பமும் இல்லை. தாயா, தங்கையா என்று மனுசன் இரண்டு மாதமாக அரைபட்டுக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, உந்த லீவு எனக்குத்தான்," என்றார் என்னிடம், அன்று பின்னேரம் காரில். "உவையளுக்கு மெஜோரிட்டி பாக்கத் தெரியாது. எனக்குத் தெரியும்."

நான் நூலகத்துக்குப் போய், நாலு வருசத்துக்கு முந்தைய தேர்தலில் கலிபோர்னியா போட்ட வாக்குகளைப் பழைய பத்திரிகையில் பார்த்து இலக்கம் இலக்கமாக எழுதிக்கொண்டு வந்தேன். அவர் ஒரு மட்டைப்பெட்டியின் மூடியில் அவற்றைப் போட்டு, சுட்டுவிரலால் பூச்சியங்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். போனமுறை வித்தியாசம் பதினைந்து இலட்சம்.

"இந்தமுறை வெல்லுறது ஆர் எண்டு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சால் வெல்லுறவன்ரை ஆக்கள் வீட்டிலை குந்தியிருப்பினம், வரமாட்டினம். ஊரிலையும் உப்பிடித்தான். போனமுறை மூண்டாவதா நிண்ட ஆளுக்குப் போன வோட்டிலை கொஞ்சம் மற்றவனுக்குத் திரும்பும். ரெண்டு லட்சத்தைக் கழியும். பதின்மூண்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கலிபோர்னியாவை ஏதோ எங்கள் ஊர்க் கோப்பாய்த் தொகுதி மாதிரி அளக்கிறாரே என்று நினைத்தேன். நான் உயர்தரத்தில் கணிதம் படித்தவள். வகையீடு, தொகையீடு எல்லாம் கரைத்துக் குடித்தவள் என்ற திமிர் எனக்கு இருந்தது. இந்த இடத்தில் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

விடை எழுதிய துண்டுகளைப் பெட்டியில் போடும் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. பெட்டி என் பக்கம் இருந்தது. அண்ணை அன்று கூடைகள் ஓடும் வார்ப்பட்டியின் மறுகரையில், விட்டு வரமுடியாத இடத்தில் நின்றார். முதலாளி ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: தொகையை இலக்கத்தில் எழுதக்கூடாது, ஆங்கிலத்தில் சொல்லாக எழுத வேண்டும். இலக்கத்தில் எழுதினால் ஒன்றா ஏழா என்று பிறகு சண்டை வருமாம்.

"தங்கச்சி!" என்று மெசின் இரைச்சலுக்கு மேலாகக் கத்தினார். "என்ரை பேரிலை எழுதிப் போட்டுவிடும்! பதின்மூண்டு லட்சம்!"

ஓம் என்று கையைக் காட்டினேன். இலட்சம் என்ற சொல் ஆங்கிலத்தில் இல்லை. ஒரு பக்கம் கூடைகள் வந்துகொண்டிருக்க, கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி, மனதுக்குள் மாற்றிப் பார்த்து, 'நூற்று முப்பதாயிரம்' என்று ஆங்கிலத்தில் அழகான கூட்டெழுத்தில் எழுதி, இரண்டாக மடித்துப் பெட்டிக்குள் போட்டேன். எழுத்து அழகாக வந்ததில் எனக்கு ஒரு சந்தோசம்கூட வந்தது.

தேர்தல் முடிந்த மறுநாள் காலை காரில் வானொலி போய்க்கொண்டிருந்தது. கலிபோர்னியாவில் ஒரு மில்லியனுக்கு மேற்பட்ட வித்தியாசம், இன்னும் எண்ணுகிறார்கள் என்றது. அண்ணை ஸ்டியறிங்கில் தட்டினார்.

"மில்லியன் எண்டால் பத்து லட்சம். இன்னும் ஏறும். நான் சொல்லேல்லையே?"

மில்லியன் என்றால் பத்து இலட்சம். அப்படியென்றால் பதின்மூன்று இலட்சம் எவ்வளவு? ஒரு மில்லியன் மூன்று நூறாயிரம். அப்போ நான் எழுதியது? ஒரு பூச்சியம். அவருடைய பதின்மூன்று இலட்சத்தை நான் ஒரு இலட்சத்து முப்பதாயிரம் ஆக்கியிருந்தேன். நான் சொல்லியிருக்க வேண்டும், அந்த நிமிடமே. அவர் பழைய தேவாரம் ஒன்றை முணுமுணுத்தபடி லேன் மாற்றிக்கொண்டிருந்தார்.

அன்று இடைவேளையில் முதலாளியின் அறைக்குப் போனேன். எங்கள் ஊரில் நூறாயிரத்துக்கு ஒரு தனிச் சொல் இருக்கிறது, அதை நான் பிழையாக மொழிபெயர்த்துவிட்டேன், துண்டைத் திருத்த விடுங்கள் என்றேன். அவர் கவனமாகக் கேட்டார். அந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது என்று கேட்டு, தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதியும் வைத்துக்கொண்டார். புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்ட சந்தோசம் அந்த முகத்தில் இருந்தது. பிறகு, "முடிவு வரத்தொடங்கிய பிறகு ஒரு துண்டைத் திறந்தால் எல்லாரும் திறக்கச் சொல்வார்கள். எனக்கு மனவருத்தம்தான்," என்றார். நான் அவருடைய இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கோபப்பட ஓர் ஆளில்லை, என்னைத் தவிர.

எண்ணி முடியட்டும் என்று முதலாளி பத்து நாள் காத்திருந்தார். அந்தப் பத்து நாளும், போகும்போது ஒரு மணித்தியாலம், வரும்போது ஒரு மணித்தியாலம், அண்ணைக்குப் பக்கத்தில் இருந்தேன். திங்கட்கிழமை ரிக்கெற் புக் பண்ணியதைச் சொன்னார். புதன்கிழமை மாப்பிள்ளைக்கு வாங்கிய மணிக்கூட்டைக் காட்டி, பட்டி பெரிதோ என்று கேட்டார். இன்னொரு நாள் வெட்கத்தோடு, "தோழனுக்கும் தலைப்பாகை கட்டுவினமோ தங்கச்சி?" என்றார். கட்டுவார்கள் என்று சொன்னேன். "எனக்கு வழுக்கை. அது நல்லதுதான்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்த வாயை அடிக்க வேண்டும் போலிருந்தது. ஒவ்வொரு நாளும் வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று 'அண்ணை, ஒரு பிழை நடந்துபோச்சு' என்று சொல்லிப் பழகுவேன். காருக்குள் ஏறியதும் வானொலியின் சத்தத்தைக் கூட்டுவேன்.

கடைசியில் ஒரு மதியம் சாப்பாட்டு அறையில் முதலாளி பெட்டியைத் திறந்தார். முதலில் முடிவைச் சொன்னார்: பதின்மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அண்ணை எழும்பிவிட்டார். உண்மையாகவே எழும்பி, சேர்ட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு நின்றார். முதலாளி ஒவ்வொரு துண்டாக வாசித்தார். அண்ணையின் பெயர் வந்தது. நூற்று முப்பதாயிரம்.

கச்சேரியில் எண்ணிய மனுசனுக்கு விளக்கம் தேவையில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏதோ தெரியாத ஒன்றைக் கேட்கிற பிள்ளை மாதிரிப் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார்.

வென்றது போர்க்லிப்ற் வண்டி ஓட்டும் போர்த்துக்கேயர். பதினொரு இலட்சம் என்று எழுதியிருந்தார். நான் வெட்கத்தை விட்டு அவரிடமும் போனேன். இந்த லீவை அண்ணைக்குக் கொடுங்கள், வேறு என்ன வேண்டுமானாலும் செய்கிறோம் என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, மனைவிக்கு நெஞ்சில் ஒப்பறேசன் இருக்கிறது, அந்த இரண்டு வாரமும் பக்கத்தில் இருப்பதற்காகத்தான் துண்டே போட்டேன் என்றார். அதற்குமேல் என்ன கேட்பது? கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். அண்ணையின் கணக்குக்குக் கடவுள் வரம் கொடுத்திருந்தார். பூசாரி நான்.

அன்று காரில் எயார்போட்டைத் தாண்டிக்கொண்டிருந்தோம். மேலே ஒரு விமானம் தாழப் பறந்து போனது. அவர் அதைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார்.

"அண்ணை, நான்தான்..." என்று தொடங்கினேன்.

"தெரியும். விடும்," என்றார். "ஹீற்றரைக் கொஞ்சம் கூட்டும், குளிருது."

கலியாண நாளன்று அவர் வழக்கம்போல வேலைக்கு வந்தார். கலியாணத்துக்கென்று முன்னமே எடுத்துவைத்த பட்டுவேட்டியை என்ன செய்தாரோ தெரியாது. அன்று கூடைகளுக்கு அவர் கட்டிய ரிபன்கள் ஒன்றுகூடப் பிழையாகவில்லை. எனக்குத்தான் மூன்று கூடை உடைந்தது.

தை மாதம் கலியாண வீடியோ கசற் வந்தது. எங்களையும் இன்னும் நாலைந்து குடும்பங்களையும் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். போகாமல் விட வழி தேடினேன். இவர், என் கணவர், போகாவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று இழுத்துக்கொண்டு போனார். கதிரைகள் போதாமல் நிலத்தில் இருந்தோம். பயித்தம் பணியாரமும் தேநீரும் வந்தன. திரையில் மாப்பிள்ளை காரால் இறங்கினார். தலைப்பாகை கட்டிய யாரோ ஒருவர் செம்போடு நின்று தண்ணீர் ஊற்றினார். அது திருச்சியில் தங்கச்சி வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிற தம்பி என்று அண்ணை எல்லாருக்கும் விளங்கப்படுத்தினார். மாப்பிள்ளை அந்தத் தம்பியின் விரலில் மோதிரத்தைப் போட்டார். வாசலில் நின்ற மணப்பெண்ணின் தாய் முகத்தை ஒருதரம் அப்பால் திருப்பினார். கமெராக்காரனும் அதைப் பிடித்திருந்தான்.

"ஏன் தம்பி, ஒரே தங்கச்சி," என்று வந்திருந்த ஓர் அன்ரி கேட்டார். "ஒருக்காப் போட்டு வந்திருக்கலாமே? உங்கடை வேலையிலை லீவுக்கு ஏதோ போட்டி வைச்சவையாம், நீங்கள் மெஜோரிட்டி சொல்லுறதிலை விண்ணன் எண்டு கேள்விப்பட்டன்."

அறையில் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். என் வாய்க்குள் பணியாரம் இருந்தது. இப்போது சொல், இப்போதாவது சொல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அண்ணை ரிமோட்டை எடுத்து வீடியோவைச் சற்று நிறுத்தினார். என் பக்கம் திரும்பவேயில்லை.

"அது அன்ரி, வயது போகுதெல்லே," என்றார். "ஒரு பூச்சியத்தை விட்டிட்டன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் பணியாரத்தை விழுங்கினேன்.