மாஸ்டர் சிலிண்டர் மாற்றிய அன்று

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கோவில்பட்டியில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். கடலைமிட்டாய் வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் பழைய வேகக் கார் ஒன்றை ஆசையாக வைத்திருக்கிறார். உறுமினால் பட்டறைத் தகரம் அதிரும். முன்சக்கரங்களுக்கு யாரோ பெரிய டிஸ்க் பிரேக் மாட்டியிருந்தார்கள். பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர்; பழையது அதற்குப் போதவில்லை. பெடல் பாதிக்கு மேல் இறங்கிய பிறகுதான் வண்டி நின்றது. பெரிய சிலிண்டர் ஒன்றை வாங்கிவந்து மாட்டச் சொன்னார். மதியமே மகளையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி போக வேண்டுமாம்.

சிலிண்டர் மாட்டியதும் குழாய்களில் உள்ள காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, நான் சக்கரத்தடியில் காற்று வெளியேறும் சின்ன நிப்பிளைத் திறந்து மூடுவேன். மூடுவதற்குள் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். எனக்குச் சத்தம் போட்டுப் பேச வராது. அதனால் ஸ்பேனரால் ரிம்மில் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் மிதி, இரண்டு என்றால் விடு. எப்போதும் மிதிப்பது என் மனைவி. அன்று அவள் சடங்கு வீட்டுக்குப் போயிருந்ததால் அண்ணாச்சியே உட்கார்ந்தார்.

நான்கு சக்கரமும் முடிந்தது. "கல்லு மாதிரி இருக்குலே" என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. நானும் மிதித்துப் பார்த்தேன். முதல் மிதிக்குக் கொஞ்சம் இறங்கி, இரண்டாவதற்குத்தான் மேலே நின்றது. உள்ளே காற்று இருக்கிறது.

அவரைத் திரும்ப உட்காரவைத்து மிதித்துப் பிடிக்கச் சொன்னேன். கதவோரம் நின்று அவர் காலையே பார்த்தேன். நசுங்கிய தகடு தட்டும் பக்கத்து டிங்கர் கடையில் சுத்தியல் டங் டங் என்றது. காலைத் தூக்கிவிட்டார்.

"ஏன் அண்ணாச்சி எடுத்தீங்க?"

"நீதானலே ரெண்டு தட்டு தட்டுன?"

"நான் இங்கனதானே நிக்கேன்."

அதற்குள் மகளிடமிருந்து போன் வந்துவிட்டது. "நேரமாயிட்டு. வந்து பாத்துக்கிடலாம்" என்று சாவியைத் திருகினார்.

"சாவியைத் தாங்க" என்றேன்.

"வாயில மிட்டாயா வச்சிருக்க? சத்தமாச் சொல்லுலே."

"சாவியைத் தாங்கன்னேன்! பேத்தி வருதுல்லா!"

டிங்கர் கடையில் சுத்தியல் நின்றுவிட்டது. அண்ணாச்சி சாவியை உருவி என் கையில் வைத்தார்.

நான்கு சக்கரத்துக்கும் மறுபடி காற்று எடுத்தோம். "மிதிங்க! பிடிங்க! விடுங்க!" என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டது. பருத்திக் காட்டு ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். முதல் மிதியிலேயே நின்றது. அப்படியும் அவர் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

சாயங்காலம்தான் கூப்பிட்டார். "வந்து சேந்துட்டோம்லே. கயத்தாறு தாண்டி ஆடு ஒண்ணு குறுக்க விழுந்துச்சு. மிதிச்சேன், நின்னுட்டு. பேத்தி முழிக்கக்கூட இல்ல."

அதன் பிறகுதான் மதியச் சோற்றைத் திறந்தேன்.

எழுதிய நாள்: ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை.